பேசுறதும் கதைக்கிறதும்

லண்டனில தமிழ் ரியூசன் குடுக்கிறவளுக்கு ஒரு விசயம் கெதியா விளங்கிப்போம்: படிக்கிறது பிள்ளை, சோதினை எடுக்கிறது தாய், புள்ளி விழுறது ரீச்சருக்கு.

என்னைப் போல ஊரார் பிள்ளையளோட மாரடிக்கிற ஆக்கள் கனபேர் இதை வாசிப்பியள். உங்களுக்கு நான் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. மற்ற ஆக்களுக்காகச் சொல்லுறன். நான் கிழமை நாளில கிழக்கு லண்டனில பார்க்கிங் எண்ட ஊரில ஒரு பல்லு டாக்குத்தரின்ர ரிசெப்சனில இருக்கிறவள். சனிக்கிழமை எண்டால் எங்கட வீட்டு முன் ஹோல்தான் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் முடிக்கப் போற பிள்ளையள் தமிழை ஒரு மேலதிக மொழியாய் எடுக்கிற சோதினைக்குத்தான் படிப்பிக்கிறன். கட்டுரை, கடிதம், பிறகு ஒரு ஆளுக்கு முன்னால இருந்து வாய்மொழி. போன வருசம் அந்த வாய்மொழி என்ர உயிரை எடுத்துப் பேந்து திருப்பித் தந்தது.

ஒண்டும் தெரியாதெண்டில்லை

வசந்தி அக்கா தன்ர மகள் ஆரணியைக் கூட்டிக்கொண்டு வந்தது புரட்டாதி மாசம். ஜேர்மனியில இருந்து லண்டனுக்கு மாறி வந்த ஆக்கள். வீட்டில தாயும் மகளும்தான். ஆரணிக்குப் பிள்ளைப்பேறு பார்க்கிற மிட்வைஃப் படிப்புக்குப் போக ஆசை. பேந்து தை மாசம் மான்செஸ்டரில இடமும் குடுத்தினம். ஆனால் மற்ற இரண்டு பாடத்தோட தமிழிலயும் B வரவேணும். வராட்டி இடம் இல்லை.

வாசலில சப்பாத்தைக் கழட்டினதில இருந்து அக்கா மகளைப் பேசிக்கொண்டே வந்தா. கழட்டப் பிந்தினதுக்கு ஒரு பேச்சு, கழட்டினதைக் குறுக்க விட்டதுக்கு ஒரு பேச்சு, குனிஞ்சு அதை நேராக்கினதுக்கு, "இப்பதான் கண் தெரிஞ்சதோ" எண்டு இன்னொரு பேச்சு. ஆரணி மழையில நனையிற மாடு மாதிரி நிண்டாள். பிள்ளைக்குத் தமிழ் எவ்வளவு தெரியும் எண்டு கேட்டன். அக்கா நிமிர்ந்து இருந்து சொன்னா: "வடிவாய்த் தெரியும் ரீச்சர். வாசிக்கவும் எழுதவும் மட்டும்தான் ஏலாது."

இரண்டு B

எழுத்துக்கூட்டத் தொடங்கினம். ன, ண, ந மூண்டையும் எழுதிக் காட்டினன். மூண்டும் ஒரே சத்தமாய்த்தான் பிள்ளைக்குக் கேட்டுது. ஜேர்மன் மொழியான டொச்சில 'ஆண்', 'பெண்', 'இரண்டும் இல்லை' எண்டு கதிரை மேசைக்கெல்லாம் பால் பார்த்துப் படிச்சவள், அதுக்கே அழாதவள், இதுக்குக் கண் கலங்கினாள்.

அதைவிடப் பெரிய வில்லங்கம் பிறகு வந்தது. "நான் கடைக்குப் போறன்" எண்டு எழுதினாள். நான் வெட்டிப்போட்டு "போகிறேன்" எண்டு எழுதினன். "அப்ப அம்மா கதைக்கிறது பிழையோ?" எண்டு முகத்தைச் சுழிச்சுக்கொண்டு கேட்டாள். பிழையில்லைப் பிள்ளை, அது வீட்டுத் தமிழ், இது சோதினைத் தமிழ் எண்டன். அவள் பேனையை மேசையில வைச்சாள்: "ரீச்சர், அப்ப நான் படிக்கிறது இரண்டு மொழி. இரண்டு B தருவினமோ?"

முன்னுக்குப் பார்க்கிறவன்

அவளோட படிச்சவன் நிரூஜன். இஞ்சயே பிறந்த பெடியன், சோம்பேறி எண்டாலும் நல்ல பிள்ளை. 'உங்கள் வீதியில் குப்பை அள்ளப்படாதது பற்றிக் கவுன்சிலுக்கு ஒரு கடிதம் எழுதுக' எண்டு குடுத்தன். அடுத்த சனிக்கிழமை அப்பிடி ஒரு செந்தமிழ்க் கடிதம் கொண்டுவந்தான். எனக்கே இரண்டு சொல்லு விளங்கேல்லை. எனக்குச் சந்தோசம் தாங்க ஏலாமல் போச்சு.

கடைசி வரியில சந்தோசம் முடிஞ்சுது. 'உங்கள் பதிலை முன்னோக்கிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்' எண்டிருந்தது. ஏனடா, வேற ஆக்கள் பின்னுக்குப் பார்த்துக்கொண்டோ நிக்கிறவை எண்டு கேட்டன். பெடியன் ஒளிக்கேல்லை. "ஃபோனிட்டத்தான் கேட்டனான் ரீச்சர். அது உங்களிட்ட வராமலே இவ்வளவு படிச்சிருக்கு."

அர்ச்சனை

வைகாசி மாசம் வாய்மொழிக்குத் திகதி வந்தது. சுற்றாடல் மாசு எண்ட தலைப்பை ஆரணி தலைகீழாய்ப் பாடமாக்கினாள். நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் 'பிளாஸ்டிக் பைகள்' எண்டு தொடங்குவாள். எண்டாலும் சரியான பயம். பயம் எனக்கும்தான், சொன்னால் பிள்ளை இன்னும் பயந்திடுமெண்டு சிரிச்சுக்கொண்டு திரிஞ்சன்.

வசந்தி அக்கா ஷிப்டை மாத்திக்கொண்டு, இரண்டு ட்ரெயின் ஏறி, விம்பிள்டன் கோயிலுக்குப் போய் வந்தா. விபூதியும் ஒரு வாழைப்பழமும் கொண்டுவந்து தந்து, என்ர நட்சத்திரம் தெரியாததால சும்மா பேரைச் சொல்லிச் செய்தது எண்டா. எனக்கு ஏன் அக்கா அர்ச்சனை எண்டு கேட்டன். "பிள்ளை பெயில் விட்டால் நான் முதல் வந்து பேசுறது உங்களைத்தானே. அதுதான் உங்களுக்கும் சேர்த்து."

அம்மா பேசுவா

சோதினை அண்டைக்கு அக்காவுக்கு லீவு கிடைக்கேல்லை. நான்தான் கூட்டிக்கொண்டு போய் வெளியில கதிரையில இருந்தன். உள்ளுக்க இருந்து வாய்மொழி கேட்கிற மிஸ் தமிழ்நாட்டுக்காரர். வாசலில வந்து பேர் கூப்பிட்ட விதத்திலயே தெரிஞ்சுது. பிள்ளைக்கு ஒண்டைச் சொல்லிக்குடுக்க மறந்திட்டனே எண்டு அப்பதான் நினைச்சன். யாழ்ப்பாணத்தார் எங்களுக்குக் கதைக்கிறது வேற, பேசுறது வேற. பேசுறது எண்டால் ஏசுறது. அங்கத்தையாருக்கோ பேசுறதெண்டால் சும்மா கதைக்கிறதுதானே.

ஆரணி வெளியில வந்து என்ர தோளில சாஞ்சு விக்கி விக்கி அழுதாள். அழுதழுதே முழுக்கச் சொன்னாள். மிஸ் அன்பாய்த் தொடங்கியிருக்கிறா: "வீட்டுல அம்மாகிட்ட பேசுவீங்களா?" இவள் பதறிப்போனாள். "ஐயோ, இல்லை மிஸ்! அம்மாவைப் பேசலாமோ? அம்மாதான் என்னைப் பேசுவா." "தினமும் பேசுவாங்களா?" "ஓம், காலமை எழும்பினதில இருந்து." "ரொம்ப நல்லது! எதைப் பத்திப் பேசுவாங்க?" "கோப்பை கழுவாததுக்கு, சப்பாத்துக் குறுக்க விட்டதுக்கு." "அம்மா பேசும்போது நீங்க என்ன செய்வீங்க?" "சில நேரம் அழுவன், மிஸ்."

மிஸ் பேனையை வைச்சிட்டுப் பரிதாபமாய்ப் பார்த்திருக்கிறா. அப்பதான் பிள்ளைக்கு உறைச்சது. பாடமாக்கின பிளாஸ்டிக் பையெல்லாம் பறந்துபோச்சு. உங்கட தமிழில பேசுறது இது, எங்கட தமிழில இது, அம்மா கூடாத ஆளில்லை, என்னைப் பேசிப்போட்டுப் பேந்து தானே சோறு குழைச்சுத் தருவா எண்டு மூச்சு விடாமல் விளங்கப்படுத்தியிருக்கிறாள். மணி அடிச்சிட்டுது. "சுற்றாடல் மாசு ஒரு வரிகூடச் சொல்லேல்லை ரீச்சர், எல்லாம் போச்சு" எண்டாள். மிஸ் கடைசியில என்ன பிள்ளை சொன்னவ எண்டு கேட்டன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மிஸ்ஸின்ர குரலிலயே சொல்லிக் காட்டினாள்: "'அப்போ நான் உங்களைப் பேசவே இல்லம்மா. இவ்வளவு நேரமும் கதைச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.'"

ஒரு எழுத்து

ஆவணியில ரிசல்ட். வேலையில இருக்கேக்க ஃபோனில ஆரணியின்ர மெசேஜ் வந்தது. B. ஒரே ஒரு எழுத்து. அப்பாடா எண்டு நான் விட்ட மூச்சில, பல்லுக்கொதியோட முன்னால நிண்ட மனுசன் தன்ர கன்னத்தை விட்டுப்போட்டு என்னைப் பார்த்தார். அழுகையும் சிரிப்பும் ஒண்டாய் வந்திட்டுது. இண்டைக்கு ஆருக்கும் பல்லுப் புடுங்கக் கூடாது எண்டு சொல்லலாம் போல இருந்தது.

பின்னேரம் தாயும் மகளும் மட்டன் ரோல்ஸோட வந்தினம். நிரூஜனும் பாஸ் எண்டு ஆரணி சொன்னாள். பேந்து மான்செஸ்டரில எடுக்கப்போற அறை, கட்டில், குளிருக்கு ஜக்கெற் எண்டு பிள்ளை வாய் ஓயாமல் கதைச்சாள். வசந்தி அக்கா ரோல்ஸைத் தட்டில அடுக்கிக்கொண்டிருந்தா. வெளிக்கிடேக்க பார்த்தன், ஆரணியின்ர சப்பாத்து வழமை போலக் குறுக்க கிடந்தது. அக்கா ஒண்டும் சொல்லாமல் தானே குனிஞ்சு அதை நேராய் வைச்சா. மகள் படியிறங்கின பிறகுதான் என்ர கையைப் பிடிச்சா. "சந்தோசம்தான் ரீச்சர். ஆனால் இவள் போயிட்டாளெண்டால், இனி நான் வீட்டில ஆரைப் பேசுறது?"

தமிழ் ரியூசன் எண்டது பிள்ளையளுக்குப் பேசப் படிப்பிச்சுத் தாய்மாரிட்டப் பேச்சு வாங்கிற தொழில். அந்த வருசம்தான், இனி அந்த வீட்டில ஆரும் வாங்கப் போகாத பேச்சை நினைச்சு நானும் கொஞ்சம் அழுதனான்.