சிவநேசன் நம்பாத பச்சை

சிவநேசன் போய்விட்டார் என்று பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மகள் போன் பண்ணினாள். எங்கள் தோட்ட ஆபீசில் பதினெட்டு வருடம் என்னோடு வேலை பார்த்தவர். செய்தி கேட்டதும் நாமுனுகுல மலையே ஒரு அடி குனிந்தது. அவர் இருந்திருந்தால், "அரை அடிதான் மச்சான், கூட்டிச் சொல்லாத" என்று திருத்தியிருப்பார். அவரைத் தெரிந்த உங்களுக்கு இது புரியும்.

மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் புதைந்த பிறகு, மலையடியில் இருந்த எங்கள் கீழ் லய வீட்டு வரிசைக்காக எக்செல்லில் ஒரு மழைத்தாள் போட்டார். தினமும் மழை அளவைப் பதிந்தால், அவரே எழுதிய மேக்ரோ, அதாவது குட்டி நிரல், மூன்று நாள் மழையைக் கூட்டிப் பச்சை அல்லது சிவப்புக் காட்டும். சிவப்பென்றால் சனம் பாடசாலைக்குப் போய்விட வேண்டும். என் தங்கச்சி குடும்பமும் அந்த லயத்தில்தான்.

ஒரு ஐப்பசிக் காலை; ஏழு சமுத்திரமும் எங்கள் கூரைமேல் கொட்டிக்கொண்டிருந்தன. அளவைப் பதிந்தேன். பச்சை.

"கம்ப்யூட்டரே சொல்லிருச்சு. வா, தேத்தண்ணி குடிப்போம்" என்றேன்.

அவர் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார். "பொய் சொல்லுது. எல்லாரையும் கிளப்பு."

"நீ எழுதின மேக்ரோதானேடா?"

"அதனாலதான் சொல்றேன்."

சனத்தைப் பாடசாலையில் சேர்த்த பிறகே மேக்ரோவைத் திறந்தார். எந்தக் கட்டங்களின் மழையைப் பார்க்க வேண்டும் என்பதை அடைப்புக்குறிக்குள் குறிப்பிடாமல் விட்டிருந்தார். அதனால் அளவு மாறியது எக்செல்லுக்குத் தெரியவில்லை. முந்தின நாள் பச்சையிலேயே நின்றது. கட்டங்களைச் சேர்த்தார். சிவந்தது.

மலை சரியவில்லை. மறுநாள் என் தங்கச்சி அவரிடம் சண்டைக்கே வந்துவிட்டாள்: "மலை நின்ன எடத்துலயே நிக்குதுங்க ஐயா. எம் புள்ளைங்களுக்குத்தான் பெஞ்சில படுத்துக் கழுத்து சுளுக்கிக்கிச்சு."

"சுளுக்குக்குத் தைலம் இருக்கு தாயி" என்றார்.

அவர் போன பிறகு, போன வாரம் மழைத்தாள் மறுபடி முரண்டு பிடித்தது. நிறமே வரவில்லை. மேக்ரோவைத் திறந்தால், நடுவில் ஆங்கில எழுத்தில் தமிழ்க் குறிப்பு: "மச்சான், இந்த எடத்துலதான் நான் பிழை விட்டேன். நீ பாத்துக்க." அதைக் கோடி தடவை வாசித்தேன்.

இந்த முறை பிழை என்னுடையது. மழையில்லாத நாளில் பூச்சியம் போடாமல் 'இல்லை' என்று எழுதியிருந்தேன். அதை எப்படிக் கூட்டும்? திருத்தினேன். பிறகு அவருடைய குறிப்புக்குக் கீழே என் பிழையையும் பெயர் போட்டு எழுதிவைத்தேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த வழக்கம்தான்.

சரியா என்று கேட்கத் தலை நிமிர்ந்தேன். எதிர் மேசையில் ஆளில்லை.