கம்பம் நட்ட ஊரிலிருந்து ஒரு வயலின்

போன வாரம் கோத்தகிரி போய் வந்தேன். வெயிலுக்குப் பயந்து அல்ல... குழந்தைகளின் கோடை இசை முகாம் ஒன்றின் நிறைவுக் கச்சேரிக்கு. அந்த முகாமைத் தேர்வு செய்த நிபுணர் குழுவில் நானும் உண்டு!

குழுவின் இன்னொரு உறுப்பினர் என் சகலை சுப்பிரமணி. கோவை கணபதி பகுதியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். கீழே பட்டறை, மாடியில் வீடு. மாடியில் அவர் மகள் கவிதா வயலின் வாசிப்பாள். இனி ஒன்பதாவது. பல வருடமாகச் சுருதிப்பெட்டி ஒன்றுதான் அவளுக்குத் துணை.

"கூட வாசிக்க ஆளே இல்லீங்க பெரியப்பா. ஒரு தடவையாச்சும் நாலு பேரோட சேர்ந்து வாசிக்கோணும்" என்றாள் என்னிடம். அவள் கேட்டது அவ்வளவுதான்.

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள் கோவையில் இன்னும் இருக்கிறார்கள். சுப்பிரமணி அவர்களில் ஒருவர். முகாமைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். நானும் மறுக்கவில்லை. யார்தான் மறுப்பார்கள்?

முதலில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு முகாம். ஒரே ஹாலில் கல்யாணக் கூட்டம் மாதிரி பிள்ளைகள். எல்லோருக்கும் சர்டிபிகேட் உண்டு, கடைசி நாள் மேடையேற்றி போட்டோவும் எடுப்போம் என்றார்கள். இரண்டாவது இடத்தில் பாட்டு, கீபோர்டு, கராத்தே மூன்றும் ஒரே கட்டணத்தில். பிள்ளை எதில் தேறும் என்று தெரியாத பெற்றோருக்கு வசதி.

மூன்றாவது கோத்தகிரி. இரண்டு வாரம் அங்கேயே தங்க வேண்டும். வாசிப்பை கேசட்டில் பதிவு செய்து அனுப்பினால் இருபது பேரைத்தான் எடுப்பார்கள். இரவு சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சேர்ந்து வாசிப்பார்களாம். இதைக் கேட்டதும் கவிதா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சுப்பிரமணியின் கவலை வேறு. வெந்நீர் உண்டா, பெண் வார்டன் உண்டா, அந்தக் குளிரில் தயிர் உறையுமா... மோட்டார் வாங்குகிறவர் மாதிரி சுற்றிச் சுற்றி வந்து விசாரித்தார்.

கேசட் பதிவுக்காக ஒரு காலை முழுக்கப் பட்டறை நின்றது. பக்கத்து கிரைண்டர் பட்டறைக்காரரும் மிஷினை நிறுத்தி உதவினார். மாடி வீட்டு குக்கர் மட்டும் ஒத்துழைக்கவில்லை. விசிலோடுதான் கேசட் போனது. ஆனாலும் இடம் கிடைத்துவிட்டது.

இதோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குக் கிளம்ப வேண்டியவளை, அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை சொந்த ஊருக்கு அழைத்துப் போனார்கள். அன்னூர் பக்கம் ஒரு கிராமம். மாரியம்மன் காலடியில் வயலினை வைத்துக் கும்பிட்டுவிட்டு உடனே திரும்பிவிடுவதாகத் திட்டம்.

எங்கள் பக்கத்து வழக்கத்தை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மாரியம்மன் நோம்பியை, அதாவது திருவிழாவை, சாட்டி அறிவித்து, கோயில் முன்னால் கம்பம் நட்டுவிட்டால், அப்போது ஊருக்குள் இருக்கும் அந்த ஊர்க்காரர்கள் நோம்பி முடியும்வரை, மூன்று வாரம்போல, வெளியே ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். தூங்குவதற்கு ஊருக்கு வந்துவிட வேண்டும்.

கம்பம் அன்று சாயங்காலமே நடுகிறார்கள் என்பது ஊருக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அடுத்த செவ்வாய் என்று நினைத்திருந்த சுப்பிரமணி பதறிப்போய்க் கிளம்பினார். ஆனால் பங்காளி வீட்டில் சொல்லாமல் வர முடியுமா? சொல்லப் போனால் சாப்பிடாமல் விடுவார்களா? இலை போட்டுவிட்டார்கள். கை நனைக்காமல் எழுந்தால் மரியாதையா? பாயசம் வரும்போது கோயில் பக்கம் மேளம் கேட்டது. கம்பம் நட்டாகிவிட்டது.

மறுநாள் போன் வந்து நான் அங்கே போனபோது துக்க வீடு மாதிரி இருந்தது. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் முகாமைக் கூப்பிட்டேன். தினமும் காலையில் வந்து இருட்டுவதற்குள் திரும்பலாமா என்று கேட்டேன். தங்காதவர்களைச் சேர்ப்பதில்லை என்றார்கள். அப்படியே சேர்த்தாலும் என்ன பயன்? அவள் ஆசைப்பட்ட கூட்டு வாசிப்பே ராத்திரிதானே.

"ஏனுங்ணா, நீங்களே சொல்லுங்க. அனுப்பலாமுங்களா?" என்றார் சுப்பிரமணி.

முற்போக்குக் கருத்துகள் என்னிடம் நிறைய உண்டு. இந்தப் பத்தியிலேயே அள்ளி வீசியிருக்கிறேன். ஆனால் மலையில் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் இந்த ஊர் யார் பெயரைச் சொல்லும்? சுவரில் தொங்கிய காலண்டரைக் கவனமாகப் படித்தேன்.

"அடுத்த வருசம் போலாங் கண்ணு" என்றார் சுப்பிரமணி மகளிடம்.

"அடுத்த மே மாசம் பத்தாவதுக்கு ஸ்பெஷல் கிளாஸ் வெச்சுருவாங்கப்பா" என்றாள் கவிதா. அழவில்லை. வில்லைத் தளர்த்தி, வயலினைப் பெட்டியில் வைத்து மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவள் அம்மா மல்லிகா, என் மனைவியின் தங்கை, எழுந்து வெளியே போனாள். திரும்பி வந்தபோது கையில் மஞ்சள் காப்பு, அம்மனுக்கு நேர்ந்து கட்டும் கயிறு.

"பொட்டியை எடு கண்ணு. நீ போலாம்" என்றாள்.

எப்படி என்று சுப்பிரமணி கேட்டார்.

"இவளுக்கும் சேர்த்து நான் கட்டீட்டு வந்துபோட்டனுங்க. நோம்பி முடியற வரைக்கும் பகல்லயும் ஊர் எல்லை தாண்ட மாட்டேன்னு ஆத்தாகிட்டச் சொல்லீட்டேன்."

இப்படி ஒரு மாற்று ஏற்பாடு வழக்கத்தில் உண்டா? பூசாரியிடம் கேட்டேன். கேள்விப்பட்டதில்லை, ஆனால் கூடாது என்றும் யாரும் சொன்னதில்லையே என்றார். எனக்கும் சகலைக்கும் அது போதுமானதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கவிதா மலையேறினாள்.

நிறைவுக் கச்சேரி மத்தியானம். நோம்பி முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. ஆகவே நானும் சகலையும் மட்டும் போனோம். இரண்டாம் வரிசையில் கவிதா. ஓரிடத்தில் தடுமாறினாள். பக்கத்துப் பெண்ணின் வில்லைப் பார்த்து மறுபடியும் சேர்ந்துகொண்டாள். இருவரும் வாசித்துக்கொண்டே சிரித்தார்கள். எனக்கு சங்கீதம் அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் தொடையில் தாளம் போட்டேன். சகலை கைக்குட்டையைத் தேடினார்... பிறகு சமாளித்துக்கொண்டு வெந்நீர் பாய்லரைப் பார்க்கப் போய்விட்டார்.

அவர் ராத்தங்க ஊருக்குத் திரும்ப வேண்டுமே! கச்சேரி முடிந்ததும் மூவரும் பஸ் பிடித்தோம். மெயின் ரோட்டில் இறங்கி ஊருக்குள் நடந்தோம். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் மல்லிகா நின்றிருந்தாள். ஓர் அடி முன்னால் வரவில்லை. கவிதா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"எல்லாருமாச் சேர்ந்து வாசிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள் மல்லிகா.

"ஆமாங்கம்மா... தெனமும்."

நிபுணர்கள் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தோம். முகாமைத் தேர்ந்தெடுத்தது நாங்கள்; மகளை அங்கே அனுப்பிவைத்த மல்லிகா அதன் வாசலைக்கூடப் பார்த்ததில்லை.