குறுக்கே வெட்டிய பலகை

அதெல்லாம் இல்லை, பேத்தி என்னைக் கொண்டு பிறக்கவில்லை. மூக்கு மட்டும் என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்கிறேன், அவ்வளவுதான். மற்றபடி அவள் அம்மாவை உரித்து வைத்திருக்கிறாள். பால் வரக் கொஞ்சம் தாமதமானால் முறைக்கிற முறைப்பும் அதே.

அவள் அம்மா, என் மகள், ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். யாரிடமும் வாய்ச்சண்டைக்குப் போக மாட்டாள். ஆனால் ஒன்றை மனதில் போட்டால் அது அங்கேயே ஊறும். வேனை உரசிவிட்டுப் போன ஒருவனுடைய கார், பிறகொரு மழை நாளில் நடுரோட்டில் நின்றுவிட்டது. பக்கத்தில் வேனை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, அவனை நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

பிறக்கப்போகிற குழந்தையின் துணிக்கு அலமாரி செய்ய ஒரு முழு ப்ளைவுட் வாங்கி வைத்திருந்தாள். மாப்பிள்ளையின் அண்ணன் கார்பெண்டர். "நான் இருக்கும்போது வெளியாள் எதுக்கும்மா?" என்று அவரே வந்து வெட்டினார். ப்ளைவுட்டின் மேல் தெரியும் மர ரேகை அலமாரித் தட்டின் நீளத்தோடு ஓடினால்தான் தட்டு பாரம் தாங்கும். அவர் ரேகைக்குக் குறுக்கே வெட்டினார். அப்படி வெட்டினால்தான் பெரிய துண்டு ஒன்று முழுசாக மிஞ்சும்.

"இது வேஸ்ட்டும்மா, இங்க இடத்த அடைக்கும்" என்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

குழந்தை வந்து கொஞ்ச நாளில் தட்டெல்லாம் நடுவில் தொங்கிவிட்டன. "அடுக்கத் தெரியாம அடுக்கினா பலக என்ன பண்ணும்?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். என் மகளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். பிறகு அவர் வீட்டுக்குப் போனால், அந்தத் துண்டு புது டீ டேபிளாக நிற்கிறது. அதில் வைத்த டீயை அவள் தொடவில்லை.

மறுநாளே பலகை வெட்டுகிற கைமெஷினும் புது ப்ளைவுட்டும் வாங்கினாள். பிசிறு வராமல் இருக்கக் கோட்டின் மேல் டேப் ஒட்டி வெட்டிப் பழகினாள். தூசி படாமல் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பது என் வேலை. போகிறவர் வருகிறவருக்கெல்லாம் அவள் முகத்தைக் காட்டுவேன். புது அலமாரி எழுந்ததும், தாங்குகிறதா என்று கீழ்த்தட்டில் நானே உட்கார்ந்து பார்த்தேன். அசையவில்லை.

பார்க்க வந்த ஓரகத்தி, கார்பெண்டரின் மனைவி, வாயைப் பிளந்தாள்.

"ஊருக்கெல்லாம் செய்வாரு, எங்க கிச்சன் கல்யாணமான நாள்லேருந்து ஒரு அலமாரி இல்லாம மொட்டையா கெடக்கு. நீயே வந்து செஞ்சு குடேன்."

"செய்றேங்க்கா. ஆனா மாமாதான் பலகையப் பிடிக்கணும்."

மாமா என்றது அந்தக் கார்பெண்டரைத்தான். அவர் முடியாது என்று குதித்தார். "அப்ப இந்த வாரமே நீங்க செஞ்சு முடிங்க" என்றாள் மனைவி. மனுஷனுக்கு வாரம் முழுக்க வெளிவேலை, பலகையைப் பிடிக்க ஒத்துக்கொண்டார்.

இன்று காலை அவர் வீட்டு வாசலில், கூட வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க, பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் மகளுக்கு அவசரமே இல்லை. போட்ட கோட்டையே மறுபடி மறுபடி அளந்தாள்.

"சீக்கிரம்மா, கை வலிக்குது."

கோட்டின் மேல் ஒட்டிய டேப்பைத் தடவிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்: "சொல்லிக்கிட்டே இருங்க மாமா, கேக்க நல்லாருக்கு. பலகைய மட்டும் விட்டுராதீங்க."