கோஸ்தான் போகாத வண்டி

மலாக்கா காஜா பெராங்கில் எங்கள் சந்து முனையில் குடியிருக்கும் சுப்பையா பிள்ளை காலையில் தவறாமல் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு கோயில் வாசலில் சூடம் கொளுத்துவார். பெயரும் நம் பெயர், நெற்றியும் நம் நெற்றி. நான் இந்தப் பக்கம் குடிவந்த புதிதில் ஒருநாள் அவர் அருகில் நின்று கும்பிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு அவர் சாமியிடம் முணுமுணுத்தது காதில் விழுந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனையும் மலாய். மலாக்காச் செட்டிகள் என்று அவர்களைச் சொல்கிறார்கள். நம்முடைய செட்டிநாட்டுச் செட்டியார்களோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எத்தனையோ தலைமுறைக்கு முன்பே கடல் கடந்து வந்து, சாமியை விடாமல் வைத்துக்கொண்டு பேச்சை மட்டும் விட்டுவிட்டவர்கள். "சௌக்கியமா?" என்று நான் கேட்டால் "பாயெக், பாயெக்" என்று தலையாட்டுவார். நல்லது, நல்லது என்று அர்த்தம். அவர் பேச்சு முருகனுக்கு எப்படியோ புரிந்துவிடுகிறது. எனக்குப் புரியாமல் போனதால் ஒரு காலைப்பொழுது முழுவதும் ஒரு வண்டிக்குள் அடைபட்டுக் கிடந்தேன்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மலாக்காவில் ஒரு செட்டியாரின் வட்டித்தொழில் நடந்த கிட்டங்கியில் பதினோரு வருஷம் சமையல்காரனாக இருந்தேன். பெட்டியடியில் உட்கார்ந்து தொழில் பார்த்தவர்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வருவார்கள். அடுப்பை அப்படி விட்டுவிட்டுப் போக முடியாது. முதல் தடவை எனக்குப் பதிலாள் கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை போக நினைத்தபோது, ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த சிவகாமியை எனக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். பதினோரு வருஷமும் எனக்குத் தெரிந்த மலாயா என்பது அந்தச் சமையல்கட்டும், அதிலிருந்து பாசார் என்கிற சந்தைக்குப் போகிற வழியும்தான். என் மலாய் மீன்கடையோடு முடிந்துவிடும். மீன், மிளகாய், எவ்வளவு, வேண்டாம், போகிறேன், வருகிறேன். ஊரிலிருந்து வந்த டிரைவர் ஒருவர் கிட்டங்கிக் காரில் எனக்கு ஓட்டப் பழக்கி உரிமமும் வாங்கிக்கொடுத்தார். அவரும் தமிழில்தான் பழக்கினார்.

மெர்டேக்கா வந்தது. சுதந்திரத்தை இங்கே அப்படிச் சொல்கிறார்கள். புதுக் கொடிகள் இன்னும் கம்பங்களில் இருந்தபோதே எங்கள் முதலாளி கிட்டங்கியை மூடிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டார். "நீயும் வந்துடு ஐயாக்கண்ணு" என்றார். நானும் போகத்தான் நினைத்தேன். அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். பாகம் பிரித்தாகிவிட்டது, நடுவில் சுவர் வைத்தாகிவிட்டது, நீ வந்தால் எங்கே இருப்பாய் என்று யோசித்து எழுது என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தில் கோபம் எதுவும் இல்லை. அவருக்கும் நான்கு பிள்ளைகள். சரி, ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டாவது வருவோம் என்றால், போனவன் மறுபடி உள்ளே வர அனுமதி வேண்டும். அதைக் கொடுக்கிற அலுவலகத்துக்குப் போனேன். "என்ன வேலை?" என்று கேட்டார்கள். சமையல் என்றேன். "யாரிடம்?" என்றார்கள். பதினோரு வருஷமாக நான் யோசிக்காமல் சொல்லிவந்த பெயர் ஒன்று இருந்தது. அன்றைக்கு அந்தப் பெயருக்கு மலாயாவில் முகவரி இல்லை. தொழில் என்று ஒன்றைக் காட்டிவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். போகவும் வழியில்லை, இருக்கவும் காரணம் இல்லை.

வழி சொன்னவள் சிவகாமி. "தோட்டத்துல கல்யாணம்னா சமைக்க ஆளில்லாம அலையுறாங்க. அண்டா, அடுப்பு, கரண்டி எல்லாம் ஏத்திக்கிட்டுப் போக ஒரு வண்டி இருந்தா நீங்களே ஒரு தொழில்தானே?" என்றாள். முதலாளி போகும்போது பாத்திரங்களை எனக்கே விட்டுவிட்டுப் போயிருந்தார். கையில் இருந்ததற்குப் புது வண்டியின் சக்கரம்கூட வராது. ஐந்தாறு இடத்தில் பழைய வண்டி பார்த்தேன். ஒன்று தரை ஓட்டை, ஒன்று புகை, ஒன்று நம் கைக்கு எட்டாத விலை. அப்போதுதான் சுப்பையா பிள்ளை தன்னுடைய வேனைக் காட்டினார். அவர் மைத்துனர் அதில் ஜொகூருக்கும் கோலாலம்பூருக்குமாகப் பல வருஷம் துணிமூட்டை ஏற்றி ஓட்டினாராம். மீட்டரில் எண் மிகக் குறைவாக இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். சிவகாமிதான் பிள்ளையிடம் மலாயில் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "கொறச்சலா ஓடலிங்க. ஓடி ஓடி மீட்டரே ஒரு சுத்து முடிஞ்சு மறுபடி சைபர்ல ஆரம்பிச்சிருக்காம். மறைக்காம சொல்றாரு பாருங்க, நல்ல மனுசன்" என்றாள்.

வாங்குகிற அன்று அவள் கூட வரவில்லை. தோட்டத்தில் முதல் கல்யாணத்துக்குப் பேசி முடிக்கத் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். நானும் பிள்ளையும் தெங்கேரா வரை கடலோரச் சாலையில், இங்கே சடக்கு என்பார்கள், ஓட்டிப் பார்த்தோம். இன்ஜின் இருமினாலும் நிற்கவில்லை. ஒரு திடலைச் சுற்றித் திருப்பிக்கொண்டு வந்தோம். சாவியைக் கையில் கொடுக்கும் முன் பிள்ளை ஒரு விரலை உயர்த்தி, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "சத்து சாஜா. கோஸ்தான் தா போலே" என்றார். ஒன்றே ஒன்று, கோஸ்தான் முடியாது. இந்துஸ்தான், பாகிஸ்தான் கேட்டுப் பழகிய காது என் காது. கோஸ்தான் என்பது உள்நாட்டில் ஏதோ மலைப்பாங்கான ஊர், இந்தக் கிழட்டு வண்டி அந்த ஏற்றத்தில் ஏறாது என்று சொல்கிறார் போலும் என்று எடுத்துக்கொண்டேன். நமக்கு அங்கே என்ன வேலை? "தா அப்பா. சாயா தக் பெர்கி சானா" என்றேன். பரவாயில்லை, நான் அங்கே போகமாட்டேன். பிள்ளை ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு நல்ல மனிதர்கள் ஒரு வியாபாரத்தை முடித்துக்கொண்ட மகிழ்ச்சி என்றுதான் நினைத்தேன்.

அன்று மாலை வண்டியை ஓட்டிக்கொண்டு நேராக எங்கள் சந்துக்குள் நுழைந்தேன். அது முட்டுச் சந்து. ஒரு பக்கம் செங்கல் சுவர், மறுபக்கம் பலகை வீடுகள். எங்கள் வாசலில் மட்டும் கொஞ்சம் அகலம் உண்டு. அங்கே நிறுத்திவிட்டு இறங்கினேன். மறுநாள் இராத்திரியே முதல் சமையல் என்று பேசி முடித்துவிட்டு, இருட்டியதும் சிவகாமியும் வந்துசேர்ந்தாள். மறுநாள் காலை வெளிச்சம் வந்ததும் பின்கதவு வழியாக அண்டா, அரிசி மூட்டை, தேங்காய், விறகு அடுப்பு எல்லாவற்றையும் ஏற்றினோம். உச்சிக்குள் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் இராத்திரிச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்ட முடியும். உட்கார்ந்து, இன்ஜினைக் கிளப்பி, பின்னால் போகிற கியரைப் போட்டேன். கரகரவென்று சத்தம் வந்தது. வண்டி அசையவில்லை. இன்னொரு முறை போட்டேன். சத்தம்தான் பெரிதானது. பிரேக்கிலிருந்து கால் நழுவ, சரிவில் வண்டி முன்னால் உருண்டு சந்தின் ஒடுங்கிய பகுதிக்குள் போய், இடது சக்கரம் சாக்கடையில் இறங்கிச் சாய்ந்து நின்றது.

என் பக்கத்துக் கதவைச் செங்கல் சுவர் அடைத்துக்கொண்டது. மறுபக்கக் கதவில் பலகை வீடு. பின்னால் நானே ஏற்றி அடைத்த அண்டாக்கள். கண்ணாடி பாதிக்கு மேல் இறங்காது. வெயில் ஏறியது. சாக்கடை நாற்றமும் அரைத்து வைத்த மசாலா வாடையும் சேர்ந்து வண்டியை நிறைத்தன. சந்தில் குடியிருந்தவர்கள் வண்டிக்குப் பின்னால் கூடி நின்று பேசிக்கொண்டார்கள். பக்கவாட்டுக் கண்ணாடியில் அவர்கள் துண்டு துண்டாகத் தெரிந்தார்கள். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஆனால் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தது. கிட்டங்கிச் சமையல்கட்டில் இருட்டும் புகையும் இருந்தாலும் அங்கே அடைபட்டிருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. கதவு இருந்தது, நான்தான் போகவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான், அந்த இரண்டாவது தடவையே கிளம்பியிருந்தால் அந்தச் சுவர் எழும்பும் முன் ஊர்வீட்டில் போய்ச் சேர்ந்திருப்பேனே என்று நினைத்தேன். அடுத்த நிமிஷமே, அப்படிப் போயிருந்தால் சிவகாமி இல்லை என்பதும் தோன்றியது. இரண்டையும் சேர்த்து நினைக்கிற தெம்பு அந்தச் சூட்டில் எனக்கு இல்லை.

சிவகாமி பலகைச் சுவரை ஒட்டி நுழைந்து கண்ணாடி அருகே வந்தாள். அவளுக்குப் பின்னால் சுப்பையா பிள்ளை, பாதித் திருநீறு வியர்வையில் வழிய.

"நேத்தே சொன்னாராமே? கோஸ்தான் போகாதுன்னு?"

"சொன்னாரு. நான்தான் அந்த ஊருக்குப் போறதில்லையே!"

அவள் கண்ணாடி விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். பிறகு, "கோஸ்தான்னா ஊர் இல்லிங்க. பின்னால போறது. வண்டி பின்னால போகாதுன்னு சொல்லியிருக்காரு" என்றாள். சிரிக்கப்போகிறாளா, அழப்போகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. பிள்ளை குனிந்து என்னிடம் மெதுவாக ஏதோ சொன்னார். "தமாஷ் பண்றீங்கன்னு நெனச்சாராம். வண்டிய திருப்பிக் குடுத்தா வாங்கின காசைக் குடுத்துடுறேங்கிறாரு. என்ன சொல்றது?" என்று கேட்டாள்.

அந்தக் காசை வாங்கிக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் உச்சிவேளைக்குத் தோட்டத்தில் ஒரு பெண்ணின் வீட்டார் வழி பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பின்னால் நான் கொண்டுபோக வேண்டிய சோறு இருந்தது. "வேணாம்னு சொல்லு. முன்னால போகுமில்ல? முன்னால வழி பாரு" என்றேன்.

முன்னால் இருந்தது மக் லீமாவின் வேலி. சந்தின் முட்டில் தனியாக வாழும் மலாய்க்கார விதவை. மூங்கிலும் செம்பருத்தியுமாக வேலி. அதற்கு அந்தப் பக்கம் அவர் மிளகாய்ப் பாத்தி, அதைத் தாண்டினால் பெரிய சடக்கு. எங்களோடு அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. சிவகாமி போய் என்ன சொன்னாளோ, கையைக் கூப்பி நின்றது மட்டும் எனக்குத் தெரிந்தது. கிழவி வேலிக்கு மேலாக என்னை எட்டிப் பார்த்தார். கூண்டில் அகப்பட்ட கரடி மாதிரி நான் அங்கிருந்து தலையாட்டினேன். அவர் உள்ளே போய்ப் பாராங் கத்தியோடு வந்தார். இறங்கியிருந்த கண்ணாடியை நான் அவசரமாக மேலே ஏற்றினேன். வந்தவர் தன் கையாலேயே மூங்கிலை வெட்டிச் சாய்த்தார். ஆண்கள் ஏழெட்டுப் பேர் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்துத் தூக்க, பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு "முருகா!" என்று கத்தித் தள்ள, வண்டி சாக்கடையை விட்டு எழுந்தது. அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் தமிழ் அதுதான். மிளகாய்ப் பாத்தியின் ஓரத்தை மிதித்துக்கொண்டு ஓட்டினேன். கிழவி கதவருகே வந்து ஏதோ கேட்டார். "திரும்பி வரப்ப எப்படி வருவீங்கன்னு கேக்குறாங்க" என்றாள் சிவகாமி, ஓடிவந்து பக்கத்தில் ஏறிக்கொண்டே. நான் வண்டியைச் சடக்கில் ஏற்றினேன்.

தோட்டத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இராத்திரிச் சாப்பாட்டில் குறை எதுவும் இல்லை. சாம்பாரில் மட்டும் உப்பு ஒரு சிட்டிகை கூடிவிட்டது, அது எனக்கும் சிவகாமிக்கும் மட்டும் தெரியும். மக் லீமாவுக்கு ஒரு தூக்கில் பாயசம் கொண்டுவந்து கொடுத்தோம். அவர் வேலியை மறுபடி அடைக்கவில்லை. வெட்டிய இடத்தில் பிள்ளை இரண்டு கட்டையை நட்டுப் படல் வைத்துக் கொடுத்தார். சந்து வழியாக வருகிறேன், அவர் வாசல் வழியாகப் போகிறேன். இன்றுவரை அப்படித்தான். கல்யாணத்துக்குக் கல்யாணம் அவருக்கு ஒரு தூக்குப் போகிறது.

மூன்றாவது கல்யாணத்துக்குப் பிறகு அந்த அலுவலகத்துக்கு மறுபடி போனேன். "யாரிடம் வேலை?" என்றார்கள். "என்னிடம்" என்றேன். முத்திரை குத்திக்கொடுத்தார்கள். போய்விட்டு வரலாம் என்கிற அனுமதி. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் கப்பல் விசாரித்தேன். சிவகாமி தடுக்கவில்லை. "உங்க ஊருக்கு நான் வந்தா என்னை மலாய்க்காரின்னுதான் சொல்வாங்க. நீங்க போயிட்டு வாங்க" என்றாள். போனால் அண்ணன் வாசலில் விருந்தாளியாக நிற்க வேண்டும். அதற்கு எவ்வளவு நாள் என்று கணக்குச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. நான் அனுமதி முடியும் நாளைப் பார்த்துக்கொண்டே தோட்டம் தோட்டமாகச் சமைத்துக்கொண்டிருந்தேன். நாள் முடிந்தது.

தொழில் வண்டி என்றால் கதவில் பெயரும் ஊரும் எழுதியிருக்க வேண்டும் என்றார்கள். பண்டார் ஹிலிரில் கடைப்பலகை எழுதுகிற மலாய்க்காரர் ஒருவரிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். பெயரை எழுதி முடித்துவிட்டுத் தூரிகையோடு திரும்பி, "கம்போங் மானா?" என்றார். எந்தக் கம்பம், அதாவது எந்த ஊர்? குடியிருக்கிற இடத்தைத்தான் கேட்டிருக்கிறார். நான் பிறந்த ஊரைக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். எத்தனையோ வருஷமாக யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. எங்கள் கடலோரத்து ஊரின் பெயரைச் சொன்னேன், "பனங்குடி" என்று. அவர் முகம் சுளித்தார். இன்னும் இரண்டு தடவை, ஒவ்வோர் எழுத்தாக, சத்தமாகச் சொன்னேன். அவர் புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு வெள்ளைச் சாயத்தில் அழகாக எழுதினார். எனக்கு அந்த எழுத்துப் படிக்க வராது. வீட்டுக்கு வந்ததும் சிவகாமி விரல் வைத்துப் படித்தாள். "பினாங் குடா." குதிரைப் பாக்கு என்று மலாயில் அதற்கு அர்த்தமாம்.

அழித்து எழுதச் சொல்லலாமா என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன். அப்படி ஓர் ஊர் இந்தியாவிலும் இல்லை, மலாயாவிலும் இல்லை. தோட்டங்களில் அண்டாவை இறக்கும்போது யாராவது எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "பினாங் குடா எங்க இருக்கு அண்ணே? கேள்விப்பட்டதே இல்லையே" என்கிறார்கள். கடலோரம் என்று சொல்கிறேன். எந்தக் கரை என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.