அண்ணியின் சனிக்கிழமைகள்

அண்ணி சமையலறையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “தங்கச்சி, இனிமே சனிக்கிழமை டிரஸ்ஸர் வர்ற நேரத்துல நீ எங்கேயும் போகாதே. என் பக்கத்துலயே இரு.”

“ஏன் அண்ணி? தப்பா ஏதாச்சும் பேசினாரா?”

“அவர் ஒண்ணும் பேசல. எனக்குத்தான் அவரைப் பிடிச்சுப்போச்சு.”

கை நிற்கவில்லை. அடுத்த மீனை எடுத்தார்.

என் அண்ணன் பினாங்குத் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். கொதிக்கிற தேநீர்க் குவளையைப் பிடித்தும் அவர் விரலுக்குச் சூடு தெரியவில்லை என்பதை முதலில் கண்டவர் அண்ணிதான். பெருவியாதி என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அந்த நோயாளிகளை ஊருக்குள் வைத்திருக்கக் கூடாது என்பது அன்றைய சட்டம். அரசாங்க வண்டி சுங்கை பினாங்கில் எங்கள் பலகை வீட்டு வாசலுக்கே வந்து அவரை ஏற்றிக்கொண்டு போயிற்று. தொழுநோயாளிகளை அடைத்துவைத்த ஜெரெஜாக் தீவுக்குப் போனவர்கள் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை. அண்ணிக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. பிள்ளையும் இல்லை. தாய் தகப்பன் இல்லாத எனக்கு அவரும், அவருக்கு நானுமாக அந்த வீட்டில் மிஞ்சினோம்.

டிரஸ்ஸர் தீவு மருத்துவமனையில் புண்களுக்கு மருந்து கட்டுகிறவர். மனைவியை இழந்தவர். எங்கள் மாதா கோவிலுக்குத்தான் பூசை காண வருவார். சனிக்கிழமை மத்தியானம் தீவிலிருந்து கரைக்கு வரும்போது எங்கள் வீட்டில் நின்று, அண்ணன் என்ன சாப்பிட்டார், எந்தப் புண் ஆறியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். ஒரு மழைக்காலத்தில் ஒழுகிய கூரையை அவரே ஏறி அடைத்துக் கொடுத்தார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் அண்ணிக்கு எல்லாம் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நான் அவர் புருசனின் கூடப்பிறந்தவள். “என்கிட்டயே சொல்றீங்களே!” என்று கத்தினேன். “உன்கிட்ட சொன்னாத்தான் நீ என்னைத் தப்பு பண்ண விடமாட்டே” என்றார் அண்ணி. “திட்டு, எவ்வளவு வேணும்னாலும் திட்டு. ஆனா என்னைத் தனியா விட்டுடாதே.” அதற்கு முன்பே பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டிருந்தார். சாமியார் பயமுறுத்தவில்லையாம். இன்னொருத்தருக்கும் தெரியட்டும், வீட்டுக்குள் இருக்கிற ஒருத்தருக்கு, என்றாராம்.

அதன் பிறகு அண்ணி செய்தவை எல்லாம் மிகச் சின்னக் காரியங்கள். சனிக்கிழமை மத்தியானம் மட்டும் தலை சீவிப் பூ வைக்கும் பழக்கம் வந்திருந்ததை அவரே கண்டுபிடித்து, பூவை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார். காய் வாங்கப் பாசாருக்குப் போக டிரஸ்ஸர் தங்கியிருந்த தெருதான் குறுக்கு வழி. வெயிலில் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போனார். மனசு அந்தப் பக்கம் ஓடுகிறபோது எழுந்து போய்க் கோவில் பீடத் துணிகளைத் துவைத்தார். செபமாலையை உரக்கச் சொன்னார். “சோதனை வர்றது பாவமில்ல தங்கச்சி. அதுக்கு நாற்காலி போட்டு உட்கார வைக்கிறதுதான் பாவம்” என்பார். இன்னொரு நாள் சொன்னார்: “சேசுநாதர் வனாந்தரத்துல பட்டினியா இருந்தப்பதான் பசாசு வந்துச்சு. பசியே இல்லாதவங்களுக்கு என்ன சோதனை? எனக்குப் பசிக்குது. அதைச் சாமிகிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது?”

ஒரு சனிக்கிழமை டிரஸ்ஸர் வந்து உட்கார்ந்தார். வழக்கமாக “அக்கா” என்று ஆரம்பிப்பவர் அன்று அப்படிக் கூப்பிடவில்லை. ஈப்போவுக்கு மாற்றலாகிறது என்றார். நான் இருப்பதைப் பார்த்தும், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அங்கே நம்மளை யாருக்கும் தெரியாது. அவர் திரும்பி வரமாட்டார், உங்களுக்கே தெரியும். நான் கடைசிவரைக்கும் பார்த்துக்குவேன்.”

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி வலித்தது.

“நீங்க கெட்டவர் இல்ல. எனக்கு ஆசை இல்லைன்னு சொன்னா அது பொய். ஆனா என் புருசன் உயிரோட இருக்கார். இனிமே இந்த வீட்டுக்கு வராதீங்க. அவரைப் பத்தின சேதி சொல்லவும் வராதீங்க.”

டிரஸ்ஸர் தேநீரைத் தொடாமல் எழுந்து போனார். அண்ணி அன்று பூராவும் அழுதார். அது அண்ணனுக்கான அழுகை இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் பக்கத்திலேயே இருந்தேன். என் கோபம் எப்போது போயிற்று என்று தெரியவில்லை, அன்று அது என்னிடம் இல்லை.

பல வருசம் கழித்து அண்ணி இறந்தபோது, புதிதாக வந்திருந்த இளம் சாமியார் அவரை ஒருபோதும் அசையாத மனசுக்காரி என்று பிரசங்கத்தில் புகழ்ந்தார். வந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். என்னால் முடியவில்லை. அந்த மனசு அசைந்தது. ஆடியது. நான் பார்த்திருக்கிறேன். இப்போது எனக்கும் வயதாகிவிட்டது. நல்லவர்கள் என்று பேரெடுத்த எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். தன் பலவீனத்தை இவ்வளவு துல்லியமாக அறிந்து, உதவி கேட்கக் கூச்சப்படாத இன்னொருவரை நான் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு டிரஸ்ஸர் வருவது நின்றதும் அண்ணனைப் பற்றிய சேதியும் நின்றது. அண்ணி சாமியாரை விடாமல் நச்சரித்தார். தீவுக்குப் பூசை வைக்கப் போகிற சாமியார் கடைசியில் அனுமதி வாங்கித் தந்தார். அவரோடு நாங்கள் இருவரும் படகேறினோம்.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணன் நின்றார். முகம் தடித்து, புருவம் உதிர்ந்திருந்தது. கைகளைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார். எங்களைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “நீ ஈப்போவுக்குப் போகலையா?”

அண்ணி திகைத்துப்போனார். அண்ணியைக் கூட்டிப்போகும்படி டிரஸ்ஸரிடம் கேட்டுக்கொண்டதே தான்தான் என்றார் அண்ணன். “அவர் நல்ல மனுசன். நான் செத்தவன் கணக்குத்தானே. நீயாவது பிழைச்சுக்கணும்னு நினைச்சேன்.”

அண்ணி கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான். “செத்துட்டேன்னு நீங்களே முடிவு பண்ணிக்கிட்டீங்களா? எனக்கு வந்த சோதனையோட நான் எவ்வளவு மல்லுக்கட்டினேன் தெரியுமா? உங்களுக்கு வந்த சோதனை இந்த நினைப்புதான். அதை நீங்க பாருங்க! அடுத்த படகுல நான் மறுபடியும் வருவேன். வரும்போது உயிரோட இருக்கிற மனுசனா இங்கே நிக்கணும்.”

அண்ணன் வேலிக்கு இன்னும் கிட்டே வந்தார். பிறகு சிரித்தார். பழைய சிரிப்பு, ஒரு பக்கமாக. “சரி, வா லா” என்றார், பினாங்குக்காரர்களின் இழுவையோடு.

படகு கிளம்பியபோது திரும்பிப் பார்த்தோம். அண்ணன் வேலியோரமாகவே வந்துகொண்டிருந்தார். சட்டைப்பையிலிருந்து கையை எடுத்து, விரல்கள் குறைந்துபோன அந்தக் கையை, எங்களுக்குத் தெரியும்படி உயர்த்தி ஆட்டினார். அண்ணியும் எழுந்து நின்று கையசைத்தார். படகு ஆடியது. விழுந்துவிடாமல் அவர் இடுப்பை நான் பிடித்துக்கொண்டேன்.