சாவி கொடுக்கச் சொன்னேன்

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். எந்த ஊரிலும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. பெங்களூரில் மட்டும் ஐந்து வருடம் இருந்தேன், கடிகாரங்களால்.

சிட்டி மார்க்கெட் பக்கம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. மொத்தம் ஏழு. எல்லாம் அந்தக் கால வேடிக்கைக் கடிகாரங்கள். ஒரு நாய்க்கு வலது கண் மணி காட்டும், இடது கண் நிமிடம் காட்டும். ஒரு கொல்லன் டிக் டிக்கென்று சம்மட்டி அடிப்பான். ஒரு முறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும். நின்றுவிட்டால் பழைய எண்ணெய் இறுகிக்கொள்ளும். மறுபடி ஓடவைக்க முடியுமா என்பது எனக்கே நிச்சயமில்லை. முறையாகக் கற்றவனா நான்?

போர்வெல் லாரியில் ஒரு வார வேலை என்று போனேன். அது மூன்று வாரமாக இழுத்தது. பெங்களூர் நீலசந்திராவில் இருந்த என் அறையின் சாவி அடுத்த அறை ஆட்டோக்காரரிடம் இருந்தது. துளை போடும் சத்தத்துக்கு நடுவே அவருக்குப் போன் செய்து கத்தினேன்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை மறக்காம சாவி குடுத்துடுங்க!"

"சரிப்பா, குடுத்துடறேன்."

திரும்பி வந்தபோது என் அறை வாசலில் யாருடைய சேலையோ காய்ந்துகொண்டிருந்தது.

"நீதானேப்பா சாவி குடுக்கச் சொன்னே? ஓனரம்மாகிட்ட குடுத்தேன். நீ காலி பண்றேன்னு நெனச்சேன்," என்றார் ஆட்டோக்காரர்.

"கடிகாரத்துக்குண்ணே!"

"அதெல்லாம் பேட்டரின்னு இல்ல நெனச்சேன்!"

ஓனரம்மா மாடியிலிருந்தே கேட்டார்: "சாவி கைக்கு வந்தப்புறம் ரூம் யாரோடது? துணிமூட்டை மாடிப்படிக்கடியில இருக்கு, எடுத்துக்கோ. அந்த ஓட்டை உடைசலையெல்லாம் குஜிரிக்காரன் நேத்து எடுத்துட்டுப் போனான்."

அந்தக் குஜிரிக்காரரின் பழைய இரும்புக் கடைக்கு ஓடினேன்.

"கடிகாரமா? அந்தக் கதை முடிஞ்சுது, பாய். பித்தளை அந்தச் சாக்குல, தகரம் இந்தக் குவியல்ல. நாலு மணிக்கு லாரி. அதுக்குள்ள தேடிக்கோ," என்றார் கடைக்காரர்.

தகரக் குவியலில் நாயின் முகம் கிடைத்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை. சாக்கைக் கவிழ்த்தேன். குழாய்த் தலைகள், பூட்டுகள், பல்புக் கழுத்துகள், அவற்றினிடையே சின்னச் சின்னப் பல் சக்கரங்கள். விரலில் ரத்தம் வரப் பொறுக்கினேன். நாற்பதோ ஐம்பதோ கிடைத்திருக்கும். நாயுடையது எது, கொல்லனுடையது எது? ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்த்தேன். பல்லோடு பல் சேரவில்லை. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் சேரவில்லை. கொல்லனின் கை கிடைத்தது, சம்மட்டி கிடைக்கவில்லை.

லாரி வந்தது. கடைக்காரர் மீதியைச் சாக்கில் வாரிப் போட்டார். நான் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டேன்.

"விடு, பாய்."

"இன்னும் அஞ்சு நிமிஷம்."

"அஞ்சு நிமிஷத்துல என்ன பண்ணுவே?"

எனக்குத் தெரியவில்லை. இருந்தும் கையை எடுக்கவில்லை. அவரும் லாரிக்காரனும் சேர்ந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.