பாதிக் கணக்கு மேடம்

பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி, கேள்வியில் இருக்கும் சார்பை விரல் நுனியால் மேசைமேல் வரைந்து பார்க்கிறார். இடப்பக்கம் வலப்பக்கத்தின் அச்சான 'இரட்டை'யா, தலைகீழான 'ஒற்றை'யா? அது தெரியாமல் தொகையீட்டுக் குறியைத் தொடவே மாட்டார். ஃபூரியர் தொடரின் கெழுக்களுக்கு மற்றவர்கள் ஒரு பக்கத்தை நிரப்பினால் இவருக்கு நாலு வரி போதும். கணக்கு ஆசிரியையான இவருக்குச் சக ஆசிரியர்கள் வைத்த பெயர்தான் 'பாதிக் கணக்கு மேடம்'. "பாதியைப் போட்டு ரெண்டால பெருக்கினா முழுசும் வந்துடுதே, அப்புறம் எதுக்குக் கையை ஒடிச்சுக்கணும்?" என்பார்.

சோம்பல் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். பூஜ்யத்திலிருந்து இரண்டு பை வரை மட்டும் தந்த x-ஐ 'ஒற்றைச் சார்பு' என்று எழுதிய மாணவர்களிடம் ஈவிரக்கமே காட்டவில்லை. "இடப்பக்கமே கொடுக்கல. எதை வெச்சு ஒப்பிட்டாங்களாம்?"

போன வாரம், விடைத்தாள் திருத்தும் கூடத்தில் ஒரு தாள் அவர் கையை நிறுத்தியது. மைனஸ் பையிலிருந்து பை வரை x-இன் கனம். 'ஒற்றைச் சார்பு, ஆகவே கொசைன் கெழுக்கள் எல்லாம் பூஜ்யம்' என்று ஒரே வரி. அந்தக் கணக்கில் மீதி அத்தனையும் சரி. அந்த ஒரு வரிக்கு ஐந்து மதிப்பெண். அது இல்லாவிட்டால் தாள் தேறாது.

"ஸ்டெப் இல்ல மேடம், வெட்டுங்க," என்றார் தலைமைத் தேர்வாளர்.

"அந்த வரிதான் சார் ஸ்டெப்பு."

"எல்லாரும் இப்படியே எழுத ஆரம்பிச்சா?"

"நாமளும் நேரத்தோட வீட்டுக்குப் போகலாம்."

கூடம் சிரித்தது, தலைமைத் தேர்வாளர் சிரிக்கவில்லை. மேடம் வெள்ளைத்தாளை நகர்த்தினார். "நீங்களே முழுசாப் போட்டுப் பாருங்க சார்."

அவர் வீம்புக்கு உட்கார்ந்தார். பகுதி பகுதியாகத் தொகையிட்டு, ஒரு மைனஸைக் கோட்டைவிட்டு, அடித்து, மறுபடி போட்டு, கால் மணி நேரம் கழித்துப் பூஜ்யத்தில் வந்து நின்றார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அஞ்சையும் போடுங்க. எல்லா மேசைக்கும் சொல்லிடறேன்."

ஜெயித்த முகமாக இல்லை மேடத்துக்கு. "காலைல இதே வரிக்கு ரெண்டு தாள்ல நானே மார்க்கை வெட்டிட்டேன் சார். விடைக்குறிப்புல ஸ்டெப் வேணும்னுதானே இருக்குன்னு..."

"அந்தக் கட்டுக்கு சீல் வெச்சாச்சே! பிரிக்கணும்னா நீங்க எழுத்துல விளக்கம் தரணும். அது உங்க ஃபைல்ல ஏறிடும். யாருக்குத் தெரியப்போகுது, விடுங்க மேடம்."

மேடம் புதுத் தாள் ஒன்றை எடுத்து, தேதியைப் போட்டு, அதன்கீழ் முதல் வரியை எழுதினார்: 'தவறு என்னுடையது.'